நான் வெட்டிய இரண்டு நிமிடம்

அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய எல்லாருக்கும் வணக்கம். அப்பாவைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுது என்று அம்மா சொன்னார். எழுதுகிறேன். ஆனால் நல்லதை மட்டும் எழுதிவிட்டு எழுந்துபோக எனக்குத் தைரியம் இல்லை. பயமாக இருக்கிறது. ஏன் என்பதையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்பா வாலாஜாபாத் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் மூன்றாவது பிள்ளையாகப் பிறந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஒரகடத்தில் கம்பெனிகள் வந்தபோது, தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் மெஷினில் ஹெல்பராகச் சேர்ந்து, பிறகு ஆபரேட்டர் ஆனார். யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. திட்டு வாங்கி வாங்கியே கற்றுக்கொண்டார். பத்து விரலோடும் ரிட்டயர் ஆனவன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். பிரஸ்ஸில் நின்றவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

வீட்டில் சும்மா இருக்க அவரால் முடியவில்லை. நிலம் போய், நாற்பது வயதுக்கு மேல் கான்ட்ராக்ட் வேலைக்கு வந்தவர்கள் இங்கே ஏராளம். சந்தேகம் கேட்டால் சூப்பர்வைசர் கேவலமாகப் பேசுவாரோ என்று வாயை மூடிக்கொள்வார்கள். அவர்களுக்காக அப்பா வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் தொடங்கினார். அவர்கள் வாய்ஸில் கேட்பார்கள், அப்பா வாய்ஸிலேயே பதில் சொல்வார். யார் என்ன கேட்டாலும் சிரிக்கக் கூடாது என்பதுதான் அங்கே ஒரே சட்டம். சிரிக்கும் பொம்மை போட்ட சொந்த மச்சானையே தூக்கிவிட்டார். மாமா அந்த வருடம் பொங்கலுக்கு எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரிந்தவரின் பட்டறையில் வைத்து அப்பா செய்துகாட்ட, நான் போனில் எடுத்தேன். மெஷினுக்குள் தகடு சிக்கினால் எப்படி எடுப்பது என்பது பாடம். அப்பா மெயின் ஸ்விட்சை அணைத்தார். பிறகு பக்கத்திலிருந்த பெரிய சக்கரத்தைப் பார்த்தபடி பேசாமல் நின்றார். கரண்ட் போன பிறகும் அந்தச் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும். அது அடங்குவதற்குள் மெஷினின் மேல்பாகம் இன்னொரு முறை இறங்கிவிடக்கூடும். அடங்கியதும் கட்டை முட்டுக்கொடுத்து, அதற்குப் பிறகே கையை உள்ளே விட்டார். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

வீடியோ நீளம், ஸ்டேட்டஸில் ஏறவில்லை. பஸ்ஸில் போகும்போது பார்ப்பார்கள், சின்னதாக்கிக் கொடும்மா என்றார். ஒன்றுமே நடக்காமல் அப்பா சும்மா நிற்கிறாரே என்று அந்த இரண்டு நிமிடத்தை நான் வெட்டி எறிந்தேன். மெயினை அணைத்த மறுநொடியே கை உள்ளே போவதுபோல் ஆகிவிட்டது. அப்பாவும் திரும்பப் பார்க்காமல் குரூப்பில் போட்டுவிட்டார். ஒரே நாளில் அது எங்கெங்கோ பரவியது.

நாலாம் நாள் குரூப்பிலிருந்த ஏழுமலை அண்ணன் போன் செய்தார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"நீங்க காட்ன மாதிரியேதான் மெயினை ஆஃப் பண்ணிட்டு கைய வுட்டேண்ணா. மேலேர்ந்து எறங்கிடுச்சு."

"கை இன்னா ஆச்சு, அத்த சொல்லு மொதல்ல."

கிளவுஸின் விரல் நுனி மட்டும் துண்டாகியிருந்தது. பெரிய சைஸ் கிளவுஸ் என்பதால் அவர் விரல் அந்த நுனிவரை எட்டவில்லை, தப்பித்தார். அப்பா போனை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வீடியோவை எடுத்துவிட்டு முழுசாக வேறொன்று போட்டார். ஆனால் ஃபார்வர்டு ஆனதை யார் திரும்ப வாங்குவது? சுங்குவார்சத்திரம் டீக்கடைகளில் போய் நின்று, முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் போனைக் காட்டச் சொல்லி அழிக்க வைத்தார். சிலர் அவரைப் பைத்தியம் என்றார்கள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒருநாள் சாப்பாட்டில் கை வைத்தபடியே, "எவன் கை போவப்போவுதோ தெர்லியேம்மா, பயமா கீது" என்றார். அவர் பயந்து நான் பார்த்ததே இல்லை. அதற்கு அடுத்த மாதம் மாரடைப்பு. ஆஸ்பத்திரியிலும் அந்த வீடியோவைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்பாவை நடுவீட்டில் கிடத்தியிருந்தபோது, துக்கத்துக்கு வந்த ஒருவர் அம்மாவிடம் போனை நீட்டி, "அண்ணன் எப்படி அழகா காட்றாரு பாருங்க" என்று அழுதார். அதே சின்ன வீடியோ. மேலே கண்ணீர் அஞ்சலி என்று எழுதியிருந்தது. அன்றைக்கு எத்தனையோ பேர் அதையே ஸ்டேட்டஸாக வைத்திருந்தார்கள். மகள்தான் வெட்டினாள் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடுமே என்று பயந்து நான் வாயைத் திறக்கவில்லை. பதினைந்து நாளாகப் போன் அடித்தாலே யாருக்கோ கை போய்விட்டதோ என்று பதறுகிறேன்.

அப்பாவை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவருக்கும், பாடையைத் தோளிலிருந்து இறக்காமல் சுடுகாடுவரை வந்த ஏழுமலை அண்ணனுக்கும், அடுப்பு மூட்டாத எங்களுக்குச் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. இன்னும் ஒரே ஓர் உதவி வேண்டும். மெயினை அணைத்ததும் அப்பா கையை உள்ளே விடுகிற வீடியோ உங்கள் போனில் இருந்தால், இந்த மலரை மூடுவதற்கு முன்பே அழித்துவிடுங்கள். அனுப்பியவரிடமும், நீங்கள் யாருக்கு அனுப்பினீர்களோ அவர்களிடமும் சொல்லுங்கள். அது தப்பு, அவர் மகள்தான் செய்தாள் என்றே சொல்லுங்கள். அப்பா முகம் வேண்டுமென்றால் இந்த மலரின் அட்டையில் இருக்கிறது, அதை வைத்துக்கொள்ளுங்கள்.