திருமுல்லைவாயிலிலிருந்து பூந்தமல்லி டாக்டரிடம், அண்ணனின் கண்களோடு

அரைப்பரீட்சை லீவில் கைடு வாங்கப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு, அண்ணனை பூந்தமல்லியில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப் போனேன். எங்களைப் போல யாருக்காவது இந்த வழி தேவைப்படலாம், அதற்காக எழுதுகிறேன்.

அண்ணன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறான். போன மாதம் நண்பர்களோடு கொடைக்கானல் போனவன், அங்கே யாரோ கொடுத்த போதைக் காளானைத் தின்றிருக்கிறான். போதை அன்றைக்கே இறங்கிவிட்டது. கண் மட்டும் சரியாகவில்லை. எது நகர்ந்தாலும் பின்னாலேயே அதன் நிழல்கள் வரிசையாக வருகின்றனவாம். விளக்கை அணைத்த பிறகும் வெளிச்சம் அங்கேயே நிற்கிறதாம். அப்பாவுக்குத் தெரிந்தால் பிசாசு என்று சொல்லி ஜெப வீட்டில் உட்கார வைத்துவிடுவார். எனக்கோ அவனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயம்.

திருமுல்லைவாயிலில் மின்சார ரயில் ஏறினால் ஆவடி பத்து நிமிடம்கூட இல்லை. அங்கிருந்து பூந்தமல்லிக்கு பஸ். அரை மணிக்கு மேல் ஆகும். இடது பக்கம் உட்காருங்கள், வெயில் படாது. கண்டக்டர் டிக்கெட்டை நீட்டியபோது அண்ணன் வேறெங்கோ கையை நீட்டினான்.

"இன்னா நைனா, பட்டப்பகல்லயே ஊத்திக்கினியா?"

"கண்ணுக்கு மருந்து போட்டுருக்குண்ணே" என்று நான் டிக்கெட்டை வாங்கிக்கொண்டேன்.

"அவருக்கு நாலு கை கீது பாப்பா" என்று அண்ணன் என் காதில் சொன்னான். சிரிப்பு வந்துவிட்டது. ஒரு மாதத்தில் இன்றுதான் சிரித்தோம்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டார். திட்டவில்லை.

"தெரியறதெல்லாம் நெசம்னு தோணுதாப்பா?"

"இல்லம்மா. பொய்னு தெரியுது. அதான் பயமா கீது."

"பொய்னு தெரியுதில்ல? அப்ப இது பைத்தியம் இல்ல."

சிலருக்கு வாரங்களில் குறையும், சிலருக்கு மாதங்கள் ஆகும் என்றார். கஞ்சா, சாராயம் எதையும் தொடக் கூடாது, நன்றாகத் தூங்க வேண்டும், இப்போதைக்கு மெஷின் பக்கம் போகக் கூடாது. "அதையே உத்துப் பாத்துகிட்டு இருக்காத. கண்டுக்காம விடு."

திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. திருமுல்லைவாயிலில் நாங்கள் இறங்கிய ரயில் அம்பத்தூர் பக்கம் போனது. எங்கள் வீடு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். ரயில் போன திசையில் ஒரு வெளிச்சம் நின்றது. அண்ணன் அதைப் பார்த்தான். கண்டுகொள்ளாமல் தண்டவாளத்தில் இறங்கிவிட்டான்.

அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். பட்டன் தெறித்தது. எதிர் ரயில் எங்கள் முன்னால் ஓடி முடியும்வரை நான் விடவில்லை.

"போன ரயிலோட மிச்ச வெளிச்சம்னு நெனச்சிக்கினேன் பாப்பா" என்றான்.

"இனிமே என்னைக் கேளுண்ணா. நான் சொல்றேன்."

வீடுவரை கேட்டுக்கொண்டே வந்தான். சைக்கிள் டைனமோ நெசமா? நெசம். டீக்கடை பல்பு? நெசம். அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு? இல்லண்ணா.

போகிறவர்களுக்கு நான் சொல்வது: காலையிலேயே போங்கள், இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள். டாக்டர் கண்டுகொள்ளாதே என்றால் சரிதான். ஆனால் தெருவிலும் தண்டவாளத்திலும் அவர்களைத் தனியாக விடாதீர்கள்.

இதைப் போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். யாருக்கும் தெரியக் கூடாது, அண்ணனுக்கும்தான். பக்கத்துப் பாயில் தூங்குகிறான் என்று நினைத்திருந்தேன். இப்போது மெதுவாகக் கேட்கிறான்.

"பாப்பா, உன் போர்வைக்குள்ள வெளிச்சமா கீது. நெசமா?"

டார்ச்சை அணைத்திருக்கலாம்.

"நெசம்ணா" என்றேன்.