நான் திருடிய கேள்வி

நனைந்த கம்பளி வாசனை...

திங்கட்கிழமை காலையில் அந்த வாசனை வகுப்புக்குள் வந்தால், பின்னாலேயே முத்துலட்சுமி வருகிறாள் என்று அர்த்தம். அவளுடைய அம்மா ஸ்பிரிங்வெளி தாண்டி ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தாள். இவள் பதுளை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த மாமா வீட்டில் தங்கிப் படித்தாள். சனி, ஞாயிறு அம்மா இருந்த லயத்து வீட்டுக்குப் போய்விட்டு, மழையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடந்தே திரும்புவாள்.

நான் கடைவீதிப் பெண். அப்பாவுக்குக் கருவாடு, புகையிலை, துணி என்று பெரிய கடை. பட்டுப்பாவாடை கட்டி, தலை நிறையப் பூ வைத்துப் போவேன். வாய்ப்பாடா, செய்யுளா, ஆறுகளின் பெயரா... எதைக் கேட்டாலும் மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். வகுப்பில் நான்தான் முதல்.

எஸ்தர் டீச்சர் வந்தார், என் பிழைப்பில் மண் விழுந்தது.

அவர் திருச்சிக்காரர். பிரம்பைத் தொடமாட்டார். வெள்ளிக்கிழமை கடைசி மணியில் புதுப் பழக்கம் ஒன்று கொண்டுவந்தார். பதில் சொல்கிறவர்களுக்கு அன்று ஒன்றும் கிடையாது. யார் நல்ல கேள்வி கேட்கிறார்களோ, அவர்கள் டீச்சருடைய நாற்காலியில் உட்காரலாம். டீச்சர் கீழே பாயில் உட்கார்ந்து கேட்பார்.

வாரா வாரம் அந்த நாற்காலியில் முத்துலட்சுமிதான்!

"பனி ஏன் பள்ளத்துலயே படுத்துக் கெடக்கு டீச்சர்?" என்பாள். "அட்டைக்குக் கண்ணு இல்லயாம், அப்புறம் எப்படி நம்ம காலத் தேடி வருது?" என்பாள். டீச்சர் முகம் அப்படியே மலர்ந்துவிடும். எனக்கோ வயிறு பற்றி எரியும். ராத்திரியெல்லாம் யோசித்தாலும் எனக்கு ஒரு கேள்வியும் வராது. வந்தாலும் அதற்குப் பதில் ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ரொட்டி தின்றுகொண்டே அவள் என் காதில் சொன்னாள்.

"மழை நாள்ல மடுவத்துக் கொட்டகையில கொழுந்து நிறுக்கயில, தண்ணிக்குன்னு ராத்தல் கழிச்சுக் கூலியக் கொறைக்கிறாங்கல்ல... இலையில எம்புட்டுத் தண்ணி இருக்குன்னு அவங்களுக்கு எப்படித் தெரியுது? இன்னைக்கு இதக் கேக்கலாமா?"

"சீ, இதெல்லாம் டீச்சருக்குப் பிடிக்காதுடி" என்றேன்.

பாவம், நம்பிவிட்டாள். நான் கிணற்றடிக்குப் போய் அதையே பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன். கேள்வியை மனப்பாடம் செய்த ஒரே ஆள் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன்...

கடைசி மணியில் முதல் ஆளாக எழுந்து ஒப்பித்தேன். டீச்சர் அப்படியே நின்றுவிட்டார்.

"அடியாத்தி! எனக்கே தெரியலயே. விசாரிச்சிட்டு வந்து திங்கக்கிழமை சொல்றேன். வா, வந்து உட்காரு."

நாற்காலியில் உட்கார்ந்தேன். முத்துலட்சுமி என்னையே பார்த்தாள். திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன். வெளியே வந்ததும், "பிடிக்காதுன்னியே... அப்புறம் எப்படிப் பிடிச்சுச்சு?" என்றாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பாருங்கள், அதுகூடக் கேள்விதான்!

மறுநாள் கடையில் அப்பா என் பெருமையை ஊர் முழுக்க அளந்துகொண்டிருந்தார். முத்துலட்சுமியின் அம்மா வேலை பார்த்த தோட்டத்துப் பெரிய கங்காணி சாமான் வாங்க வந்தவர், கேள்வியைக் கேட்டதும் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார்.

"என்ன முதலாளி இது? பச்சப் புள்ளைக்கு மடுவத்துச் சங்கதி எதுக்கு? யாரு சொல்லிக் குடுத்தது?"

அப்பா முகம் வெளுத்தது. எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அவருடைய ஆட்கள். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"நான் இல்லப்பா! முத்துலட்சுமி சொன்னது. ஆஸ்பத்திரி மாமா வீட்டுல இருக்காளே, அவ" என்றேன்.

பாராட்டு வந்தபோது அது என் கேள்வி. வம்பு வந்ததும் அவள் கேள்வி. எனக்கு அப்போது பத்து வயது... ஆனாலும் நான் என்ன செய்கிறேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

திங்கட்கிழமை கம்பளி வாசனை வரவில்லை. மாமா வந்து பெயரை வெட்டச் சொல்லிவிட்டுப் போனாராம். "அம்மா கூட கொழுந்துக்குப் போறாளாம்" என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள்.

அதன்பிறகு நான்தான் மறுபடியும் முதல். அடுத்த வருடம் எஸ்தர் டீச்சரும் மாற்றலாகிப் போனார், பிரம்போடு வேறொருவர் வந்தார். எல்லோரும் ஒப்பித்தோம்.

இப்போது ரயில் பதுளைக்கே வந்துவிட்டது. என் மகளுக்குப் பெரிய கட்டடத்தில் பள்ளிக்கூடம், சுவரில் உலகப் படம், மேசை நாற்காலி. அவளும் முதல் மார்க்குதான். "இன்னைக்கு நீ என்னடி கேள்வி கேட்ட?" என்றால், "கேள்வி டீச்சர்தானே கேப்பாங்க?" என்று என்னைப் பைத்தியக்காரி மாதிரி பார்க்கிறாள். எங்களுக்கு அந்த ஓட்டைக் கட்டடத்தில், ஒரு வருடமாவது, கேட்கச் சொல்லிக் கெஞ்சிய ஒருத்தர் இருந்தார்.

போன மாதம் ஸ்டேஷனில் முத்துலட்சுமியைப் பார்த்தேன், தோழிகளே. கையில் மூட்டை, கூடவே ஒரு பெண் குழந்தை. இரண்டு பேருமாக ரயில் கார்டைப் பிடித்துவைத்து இஞ்சினைப் பற்றி என்னவோ துளைத்துக்கொண்டிருந்தார்கள். அவளே என்னை அடையாளம் கண்டு ஓடி வந்தாள். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

"நல்லா இருக்கீங்களா?" என்றாள். ஒரே பாயில் உட்கார்ந்தவளுக்கு நான் 'நீங்க' ஆகிவிட்டேன். "ஒன்னு கேக்கணும்னு ரொம்ப நாளா இருந்துச்சுங்க. அந்தத் திங்கக்கிழமை டீச்சரம்மா என்னங்க பதில் சொன்னாங்க?"

டீச்சர் அன்று சொன்னார். கரும்பலகையில் தராசு வரைந்து வெகுநேரம் சொன்னார். நான் அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டு, இனி நாற்காலி எனக்குத்தான் என்று பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை.

"தெரியாது முத்து... நான் கவனிக்கல" என்றேன்.

"அப்படிங்களா..." என்றாள். முகம் சின்னதாகிவிட்டது. "நீங்களாவது கேட்டு வச்சிருப்பீங்கன்னு இத்தன நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன்."

மகளை இழுத்துக்கொண்டு ரயிலேறிப் போய்விட்டாள். இத்தனை வருடம் மழையில் கொழுந்து பறித்துக்கொண்டே அந்தக் கேள்வியை அவள் விடாமல் வைத்திருந்திருக்கிறாள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு இன்னமும் வயிறு எரிகிறது.