மழை நின்றதும் தேரிக்குப் போகலாம்

இசக்கிராஜாவுக்கு வாயை அடக்கத் தெரியாது. மட்டாஞ்சேரி இஞ்சிக் கிடங்குகளிலிருந்து வைட்டிலாவுக்கும் திருப்பூணித்துறைக்கும் இருபத்திரண்டு வருஷமாக ஆம்னி வேனில் சரக்கு ஏற்றுகிற மனிதர். யார் எதைக் கேட்டாலும், "அதுக்கென்ன, எனக்குத் தெரியும்" என்பதுதான் முதல் பதில். ஜூன் மாதம் மகள் மகா வந்து, "அப்பா, நல்ல மணல்குன்னு எவிடெயாவது உண்டா?" என்று கேட்டபோதும் அதையேதான் சொன்னார்.

மகா கொச்சியில் பிறந்து மலையாளத்தில் படித்தவள். கடற்கரை நடைபாதையில் சக்கரப் பலகை ஓட்டிப் பழகியவளுக்கு ஒரு வருஷமாக மணல்சறுக்குப் பைத்தியம். ராஜஸ்தானில் ஒரு பயிற்சி முகாம். பத்தொன்பது வயது நிரம்பாதவர்களுக்கு மட்டும். அறுபது அடிச் சரிவில் விழாமல் இறங்குவதை வெட்டு ஒட்டு இல்லாமல் வீடியோ எடுத்து, டிசம்பர் முதல் ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். ஜனவரியில் அவளுக்குப் பத்தொன்பது முடிகிறது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அவள் தேடாத இடமா? செராய் கடற்கரை தட்டையாகக் கிடந்தது. வெலிங்டன் தீவில் கப்பல் போகும் கால்வாயைத் தோண்டிக் கொட்டிய மேடு ஒன்றைக் கண்டுபிடித்து ஏறினாள். சேறும் சிப்பியும் கலந்த மணல். பலகை நாலடி நகர்ந்து முட்டிக்கொண்டு நின்றது. காவல்காரர் வேறு வந்து விரட்டிவிட்டார்.

"எங்க ஊர்ப் பக்கம் தேரி கெடக்குட்டி," என்றார் இசக்கிராஜா. "செக்கச்செவேல்னு மணலு. பனை உசரத்துக்குக் குமிஞ்சு நிக்கும். நான் கூட்டிட்டுப் போறேன். ஆனா இந்தப் பேய்மழைல வேணாம். மழை முடியட்டும்."

சொன்னதோடு விட்டாரா? மகா நச்சரித்தபோதெல்லாம் அதையே சொன்னார். ஜூனில் இடவப்பாதி மழை கொட்டியது, ஜூலையில் கர்க்கடக மழை கொட்டியது, அக்டோபரில் துலாவர்ஷம் இடியோடு வந்தது. "புள்ள இத்தன ஆசையா கேக்குதே, ஒருக்கா போய்ட்டு வந்துருங்களேன்," என்று மனைவி கற்பகம் சொன்னதற்கு, "எங்க ஊரு எனக்குத் தெரியாதா? நனைஞ்ச மணல்ல எப்படிச் சறுக்குவா?" என்று அவள் வாயை அடைத்தார். மகா ஒட்டுப்பலகையை வளைத்து, அடியில் வழுவழுவென்று தகடு ஒட்டி, மெழுகுவத்தி தேய்த்துத் தேய்த்துக் காத்திருந்தாள்.

நவம்பர் கடைசியில் கொச்சி வானம் வெளுத்தது. டிசம்பர் முதல் ஞாயிறு விடியுமுன் புறப்பட்டார்கள். ஆரியங்காவு வரை ரோட்டில் புழுதி பறந்தது. இசக்கிராஜா பாட்டுக்கூட முனகினார். தென்காசி தாண்டியதும் கண்ணாடியில் தூறல் விழுந்தது.

"அப்பா, மழயாணல்லோ."

"சாரலும்மா. தேரிப் பக்கம் இருக்காது."

திருநெல்வேலிக்கு அப்பால் வயலெல்லாம் தண்ணீர். இசக்கிராஜாவின் பாட்டு முனகல் நின்றுவிட்டது.

ஒரு மணிக்குத் தேரியில் இறங்கினார்கள். மகா முதலில் குன்றின் மேற்கே நடந்தாள். காற்று ஏறுகிற பக்கம், சாய்வு போதாது. உச்சியைத் தாண்டி, காற்று மணலைக் கொட்டுகிற கிழக்குப் பக்கம் எட்டிப் பார்த்தாள். ஆகா, செங்குத்தாக இறங்கிய நல்ல சரிவு! அறுபது அடிக்குக் குறையாது. ஓடிப்போய்ப் பலகையில் ஏறி நின்றாள். அது அசையவில்லை. மணல் இருட்டிய சிவப்பாக, ஈரமாக, இறுகிக் கிடந்தது.

அருகே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மாயம்மாள் என்ற பெண் குடையோடு வந்தாள்.

"யய்யா, இதுக்குக் கார்த்திகையிலயா வருவாக? ஆனி ஆடியில வந்திருந்தா, கச்சான் காத்துல மணலு மாவா ஓடியிருக்கும்லா. அப்ப இங்க ஒரு பொட்டு மழை கெடையாது. நீங்க எந்தூரு?"

பக்கத்து ஊர்க்காரர்தான். பத்தொன்பது வயது வரை அங்கேயே வளர்ந்து, அந்த ஆடிக் காற்றில் கண்ணைக் கசக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர்தான். அட பாவி மனுஷா! கொச்சி மழையைத் தின்று தின்று, தன் ஊருக்கு மழை எப்போது என்பதையே மறந்து தொலைத்திருக்கிறார்.

"கொச்சி," என்றார்.

மகா அவரைத் திரும்பிப் பார்த்தாள். ஜூன், ஜூலை என்று அவள் உதடு எண்ணியது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"இந்த வருசம் மழை பிந்திட்டு. ரெண்டு நாளாத்தான் பேயிது," என்றாள் மாயம்மாள். "ஒரு சாண் தோண்டிப் பாருங்க. உள்ள காஞ்சுதான் கெடக்கும்."

இசக்கிராஜா கையைவிட்டுத் தோண்டினார். ஒரு சாணுக்குக் கீழே மணல் பொலபொலவென்று விரலுக்குள் ஓடியது. வேனுக்கு ஓடி, இஞ்சி அள்ளுகிற தகரத் தட்டுகள் இரண்டை எடுத்து வந்தார். உச்சியிலிருந்து இரண்டடி அகலத்துக்கு ஈர மணலைச் சுரண்டி ஒதுக்கத் தொடங்கினார். மகாவும் சேர்ந்துகொண்டாள். இருபது அடி, முப்பது அடி. நகக்கண்ணில் ரத்தம் கசிந்தது. மேற்கே மேகம் கறுத்தது. "கடவுளே, ஒரு மணி நேரம் பொறுத்துக்கோ, ஒரே ஒரு மணி நேரம்," என்று வாய்விட்டுக் கெஞ்சினார். ஐம்பது அடி வந்தபோது மணி ஐந்து. புறங்கையில் ஒரு துளி விழுந்தது.

"போதும் அப்பா, மதி. இப்ப இல்லன்னா இனி இல்ல," என்று மகா பலகையோடு மேலே ஓடினாள். அவர் அடியில் நின்று போனைப் பிடித்தார்.

வந்தாள் பாருங்கள்! முழங்காலை மடக்கி, கையை விரித்து, சத்தமே இல்லாமல் வந்தாள். பெற்று வளர்த்த பிள்ளை இப்படி ஒரு காரியம் செய்யக்கூடியவள் என்று அவருக்கு அதுவரை தெரியாது. நாற்பது அடி, ஐம்பது அடி. காய்ந்த தடம் முடிந்த இடத்தில் பலகை சட்டென்று பிடித்துக்கொண்டது. மகா முகங்குப்புற ஈர மணலில் விழுந்தாள்.

எழுந்து மறுபடி ஏறினாள். அதற்குள் மழை கொட்டியது. சுரண்டி வைத்த தடமும் இருட்டிய சிவப்பாயிற்று. இசக்கிராஜா தட்டை விடவில்லை. நனைய நனையச் சுரண்டிக்கொண்டே இருந்தார். மகா வந்து அவர் கையிலிருந்து தட்டை வாங்கி வைத்தாள். அப்போது மணி ஆறு பத்து.

திரும்பும் வழியில் அவர் மூன்று தடவை வாயைத் திறந்தார், மூன்று தடவையும் மூடிக்கொண்டார். எனக்குத் தெரியும் என்பதைத் தவிர வேறு விதமாகப் பேச்சைத் தொடங்கி அவருக்குப் பழக்கமே இல்லை. ஆரியங்காவு தாண்டியதும் ரோடு காய்ந்து கிடந்தது. வைப்பர் மட்டும் வெறும் கண்ணாடியில் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. மகா கையை நீட்டி அதை நிறுத்தினாள்.

"அப்பா பறஞ்ஞது சரிதான்," என்றாள். "இங்க மழை முடிஞ்சாச்சு."