பழனிவேல் ஊருக்கெல்லாம் கொடுத்த பேர்

பழனிவேலுக்குத் தன் பேர் மேலேயே ஒரு கடுப்பு உண்டு. தலைச்சன் பேரனுக்குத் தாத்தா பேரைத்தான் வைக்க வேண்டும் என்பது புவனகிரியில் அவர்கள் குடும்ப வழக்கம். தாத்தாவுக்கு மூன்று மகன்கள். மூவரும் விட்டுக்கொடுக்காததில் ஒரே தெருவில் மூன்று பழனிவேல். ஒருவன் நெட்டைப் பழனி, ஒருவன் கறுப்புப் பழனி, நம்மாள் குள்ளப் பழனி. கல்யாணப் பத்திரிகையை வாங்கியவர்கள்கூட, "யாரு, குள்ளனுக்கா?" என்றுதான் கேட்டார்கள். தனக்குப் பிறக்கும் பிள்ளைக்கு யாருக்கும் இல்லாத பேராக வைப்பது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டான்.

2008 தை மாதம் மகள் பிறந்தாள். சிதம்பரத்தில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன், ரயிலடியில் ஏறிய இசைக் கல்லூரிப் பெண்ணிடம் சந்தோஷத்தைக் கொட்டினான்.

"யாழினின்னு வைங்கண்ணே. யாழுன்னா அந்தக் காலத்துத் தந்தி வாத்தியம். அதும் மாதிரி இனிமையான பொண்ணுன்னு அர்த்தம்," என்றாள் அவள்.

அவன் தங்கை வந்து குழந்தையின் காதில் மூன்று முறை அந்தப் பேரைச் சொன்னபோது, பழனிவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. உறவில் ஒருவரும் கேள்விப்படாத பேர். இனி எவன் இவளை நெட்டை குட்டை என்பான்?

எல்லாம் சரி, வாய்தான் சும்மா இருக்காதே. பெரியாஸ்பத்திரிக்குப் பிள்ளைத்தாய்ச்சி யார் ஏறினாலும், மேலவீதி திரும்புவதற்குள் யாழினி என்றால் என்ன, யாழ் என்றால் என்ன என்று பாடம் எடுத்துவிடுவான். கேட்டவர்களும் தலையாட்டிக்கொண்டே இறங்கினார்கள். அவர்கள் வீட்டிலும் பிள்ளை பிறக்கும் என்பது அவனுக்கு உறைக்கவே இல்லை.

2011 ஜூனில் யாழினியை எல்கேஜியில் சேர்த்தான். முதல் நாள் சாயங்காலம் பள்ளி வாசலில் நின்று, "யாழினி" என்று கூப்பிட்டான். நான்கு பிள்ளைகள் ஓடி வந்தன.

"என்னாண்ணே முழிக்கறீங்க? நீங்க சொன்ன பேருதான்," என்று பக்கத்தில் நின்ற ஒரு தாய் சிரித்தாள்.

பழனிவேல் மகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு மெதுவாகக் கேட்டான். "ஒன்ன என்னான்னு கூப்புடறாங்க?"

"ஆட்டோ யாழினி," என்றாள் மகள், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "அவுங்க வூட்லல்லாம் ஆட்டோவே இல்லப்பா. நாளைக்கு அவுங்களயும் ஏத்திக்க. நாங்க யாழினி செட்டு."

மறுநாள் நான்கு பேரையும் ஏற்றிக்கொண்டான். ஆனாலும் புத்தி வந்தது. மனைவி அமராவதி அப்போது மறுபடி முழுகாமல் இருந்தாள். பெண்ணாகப் பிறந்தால் மகிழினி. இதை வெளியே மூச்சு விடக்கூடாது என்று அவளிடம் சத்தியமே செய்து கொடுத்திருந்தான்.

ஒருநாள் அவளை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுத் திரும்பும்போது, நிறைமாதக்காரி ஒருத்தியும் ஏறினாள். ரயில்வே கேட் போட்டிருந்தது.

"அண்ணே, பேரெல்லாம் சொல்லுவீங்களாமே. பொண்ணு பொறந்தா வைக்கிறாப்புல ஒண்ணு சொல்லுங்க."

பழனிவேல் பல்லைக் கடித்துக்கொண்டு தண்டவாளத்தையே பார்த்தான். பாழாய்ப்போன ரயில் வருவதாக இல்லை. கண்ணாடியில் அமராவதி முறைப்பது தெரிந்தது. அவள் மடியில் ஆட்டோ யாழினி.

"மகிழினி," என்றான். "மகிழ்ச்சியா இருக்கறவள்னு அர்த்தம்."

அமராவதி தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைத் தடவியபடி அந்தப் பெண்ணிடம் சொன்னாள்: "எந்த ஸ்கூல்ல சேக்கறன்னு அப்பறமா சொல்லும்மா. எங்க மகிழினிக்கும் ஒரு செட்டு வேணும்ல."