குன்றுக்குப் போகும் ஜீப்

அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவரை வழியனுப்ப வந்தவர்களில் பலர் அவருடைய பஸ்ஸில் பயணம் செய்தவர்கள். அவர்களிடம் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்பா ஆரியசாலையில் பிறந்தார். மொத்த அரிசிக் கடையில் வேலை பார்த்தவர், தொண்ணூறுகளில் பெர்மிட்டுடன் ஒரு பழைய பஸ்ஸை வாங்கி, கிழக்கேகோட்டையிலிருந்து திருவல்லம் பக்கம் விட்டார். மீன்கூடையோடு நிற்கும் பெண்களை மற்ற பஸ்கள் ஏற்றுவதில்லை. அப்பா கடைசி இருக்கையைக் கழற்றிக் கூடைகளுக்கு இடம் செய்தார். அதற்காக இன்றும் அவரை வாழ்த்துகிறார்கள்.

பஸ் ஏற முடியாத குன்றுக் குடியிருப்புக்கு ஒரு ஜீப் போய்வந்தது. அதற்குப் பெர்மிட் கிடையாது. எங்கள் நிறுத்தங்களிலும் அது ஆள் ஏற்றியதால் அப்பா போக்குவரத்து அலுவலகத்தில் புகார் கொடுத்தார். ஜீப்பைப் பறிமுதல் செய்தார்கள். குன்றுக்காரர்கள் சுமையோடு நடந்தார்கள். ஒருநாள் கண்டக்டர் வராததால் அப்பாவே டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஜீப்பைப் பிடிச்சுக் கொடுத்தாச்சு. இனி உங்க பஸ்ஸு குன்னு ஏறுமா மொதலாளி?" என்றார் ஒரு மீன்காரம்மா.

பஸ்ஸே சிரித்தது. அப்பா அடுத்த டிக்கெட்டைக் கிழித்தார்.

அபராதம் கட்டிய பின் ஜீப் மறுபடி ஓடியது. சென்ற ஆண்டு வண்டிகள் ஓடாத ஒரு ஹர்த்தால் நாளில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. எங்கள் பஸ்ஸை வெளியே எடுக்க டிரைவர் அஞ்சினார். தம்பி குன்றுக்கு ஓடினான். நோயாளிக்கான வண்டி என்று காட்ட வெள்ளைத்துணி கட்டிய ஜீப் வந்தது. அதில் படுத்திருந்த அப்பா ஓட்டுநரிடம், "உன்னை நான்தான் பிடிச்சுக் கொடுத்தேன்" என்றார்.

"தெரியும் மொதலாளி. இப்ப சம்சாரிக்க வேண்டாம், பேசினா மூச்சு வாங்கும்."

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மருத்துவமனையில் அம்மாவிடம், "வீட்டுக்குப் போனதும் ஆபீஸுக்குப் போகணும். குன்னுக்கு அந்த ஜீப் வேணும்னு நானே சொல்றேன்" என்றார். அவர் வீடு திரும்பவில்லை. தம்பி போய்ச் சொன்னான். விதியில் இடமில்லை என்றார்கள்.

மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் இறுதிச் சடங்கில் தோள்கொடுத்த பஸ் தொழிலாளர்களுக்கும் எங்கள் நன்றி. ஜீப் ஓட்டுநரின் பெயரையும் இந்த அறிவிப்பில் சேர்க்க விரும்பி அவரிடம் கேட்டேன்.

"பேரு வேண்டாம்க்கா. இப்பவும் பெர்மிட் இல்லாமத்தான் ஓடுது. உங்க அப்பாவை மாதிரி இன்னொரு மொதலாளி இருப்பாருல்லா?" என்று சிரித்தார்.

எங்களால் சிரிக்க முடியவில்லை. முதலில் அச்சிட வேண்டிய பெயர் அது. அதை விட்டுவிட்டு, தலைகுனிந்து நன்றி சொல்கிறோம்.