சுரங்க ரயிலில் ஒரு வர்ணனை

2007ஆம் ஆண்டு, குளிர் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். லண்டன் சுரங்க ரயிலில் வெம்பிளி மைதானத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். அமெரிக்காவின் இரண்டு பெரிய அணிகள் கடல் கடந்து வந்து அங்கே அமெரிக்கக் கால்பந்து ஆடப்போகின்றன. தொலைக்காட்சியில் மட்டுமே பார்த்த ஆட்டத்தை நேரில் பார்க்கப்போகிறேன் என்ற பரபரப்பில் காலையில் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

நான் மலேசியாக்காரி. ஈப்போவில் பூப்பந்து பார்த்து வளர்ந்தவள். கணக்கியல் படிக்க வந்து, வேலை கிடைத்து, தென்மேற்கு லண்டனில் விம்பிள்டன் பகுதியிலேயே தங்கிவிட்டேன். கல்லூரி விடுதியில் பக்கத்து அறையில் இருந்த அமெரிக்கப் பெண்தான் இந்தப் பைத்தியத்தை எனக்கு ஒட்டவைத்தாள். தலைக்கவசம் போட்ட தடியன்கள் முட்டிக்கொள்வதில் என்ன இருக்கிறது என்று என் தோழிகள் இன்றும் கேட்பார்கள். கேட்டால் போதும், கோயில் அன்னதான வரிசையில் நின்றாலும் நான் விளக்க ஆரம்பித்துவிடுவேன்.

அன்று ரயில் பெட்டி முழுக்க ரசிகர்கள். முகத்தில் சாயம், கையில் கொடி, ஒரே பாட்டு. கோட்டுக்கு மேல் என் அணியின் சட்டையை மாட்டிக்கொண்டு நானும் அவர்களில் ஒருத்தியாக உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு நிலையங்களுக்கு நடுவே ரயில் நின்றது. முன்னால் ரயில்கள் நெருக்கமாக இருப்பதாக ஓட்டுநர் அறிவித்தார். யாரும் கவலைப்படவில்லை. கொஞ்ச நேரத்தில் விளக்குகள் சிமிட்டின. பாதி விளக்குகள் அணைந்தே போயின. பாட்டு நின்றது.

சுரங்க ரயில்களில் குண்டு வெடித்து இரண்டு வருடங்கள்தான் ஆகியிருந்தன. அதைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசிக்கொள்வதில்லை. ஆனால் ரயில் சுரங்கத்துக்குள் நின்றால் எல்லோருடைய மனமும் அங்கேதான் போகும். என் மனமும் போனது.

அப்போதுதான் பெட்டியின் கடைசிக் கதவருகே நின்ற மனிதரைப் பார்த்தேன். நாற்பதைத் தாண்டிய, வாட்டசாட்டமான ஆள். நம்மவர் நிறம், தாடி. ஒரு கறுப்பு முதுகுப்பையை மார்போடு சேர்த்து அணைத்திருந்தார். அந்தக் குளிரிலும் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்தது. கண்களை இறுக மூடி எதையோ முணுமுணுத்தபடி இருந்தார்.

நான் மட்டும் பார்க்கவில்லை. அவர் பக்கத்தில் நின்றவர்கள் மெல்ல மெல்ல விலகினார்கள். நெருக்கமான அந்தப் பெட்டியில் அவரைச் சுற்றி மட்டும் ஒரு வெற்றிடம் உண்டானது. எதிர் அணிச் சட்டை போட்ட உயரமான இளைஞன் ஒருவன், பையில் என்ன இருக்கிறது என்று அவரிடம் உரக்கக் கேட்டான். அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. திடீரென்று திரும்பிக் கடைசிக் கதவின் கைப்பிடியைப் பிடித்து ஆட்ட ஆரம்பித்தார். ஒரு பெண் வீரிட்டாள். இளைஞன் அவரை நோக்கி நகர்ந்தான்.

ஓட இடமில்லை. அடுத்து என்ன நடக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. அலறல் அடங்கியதும் அவர் முணுமுணுத்தது இப்போது தெளிவாகக் கேட்டது.

"மாதாவே... என்ர மடு மாதாவே... வெளியில விடுங்கோ..."

தமிழ்! இலங்கைத் தமிழ்; மடுக் கோயில் மாதாவை அழைக்கிறார்.

எப்படி எழுந்தேன், எப்படிக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போனேன் என்று தெரியாது. அந்த இளைஞனுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றேன். என் தலை அவர் தோளுக்குக்கூட எட்டவில்லை.

"அண்ணே, நானும் தமிழ்தான். கதவை விடுங்க. வெளியே தண்டவாளத்துல கரண்ட் ஓடுது. இறங்கினா செத்துடுவோம்."

அவர் கண்ணைத் திறந்தார். "ஏலாது தங்கச்சி. மூச்சு விட ஏலாமக் கிடக்கு. பங்கருக்குள்ள இருக்கிற மாதிரிக் கிடக்கு. ஒருக்கா மேல மண் மூடிப்போட்டுது..."

இலங்கைப் போரில் குண்டுவீச்சுக்குப் பயந்து மக்கள் பதுங்கிய குழியைத்தான் பங்கர் என்கிறார் என்று புரிந்தது. நான் போர் பார்த்தவள் இல்லை. முதலில் பின்னால் நிற்பவர்களைச் சமாளிக்க வேண்டும். பையில் என்ன என்று கேட்டேன்.

"வேலைக் கோட்டு. சாப்பாடு."

அவர் பையை விடவில்லை; அவர் அணைப்பில் இருக்கும்போதே நான் ஜிப்பைத் திறந்தேன். மைதானக் காவலர்கள் போடும் மஞ்சள் கோட்டு ஒன்றை உருவி எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தேன். இவர் நம் ஆட்டத்துக்குக் காவலுக்கு வருகிறவர், இருட்டில் மூச்சு முட்டுகிறது, அவ்வளவுதான் என்று ஆங்கிலத்தில் சத்தமாகச் சொன்னேன். என் குரல் எனக்கே அழுவது போலக் கேட்டது. பெட்டி முழுவதும் பெருமூச்சு விட்டது. அந்த இளைஞன் முகம் சிவந்து, தன் தண்ணீர் போத்தலை நீட்டினான். யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள்.

ஆனால் ரயில் நகரவில்லை. அவருக்கு மூச்சு இன்னும் வேகமாக வாங்கியது. உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. மாரடைப்பாக இருந்தால் என்ன செய்வது? சுரங்கத்துக்குள் மருத்துவர் எப்படி வருவார்? கேட்டுப் பார்த்தேன், பெட்டியில் மருத்துவர் ஒருவரும் இல்லை. பேச்சை நிறுத்தினால் மறுபடி கதவுக்குப் போய்விடுவாரோ என்ற பயத்தில், எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தைப் பேச ஆரம்பித்தேன்.

"அண்ணே, இன்னைக்கு என்ன ஆட்டம்னு தெரியுமா?"

"ஃபுட்பால் எண்டாங்கள்."

"பேருதான் ஃபுட்பால். காலால உதைக்கிறது எப்பவாவதுதான். பந்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஓடுவாங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "பிறகேன் அந்தப் பேர்?"

"அதை அவங்களே இன்னும் கண்டுபிடிக்கல."

சிரிக்கவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தார். விடாமல் தொடர்ந்தேன். ஒரு பந்து, அதுவும் உருண்டை இல்லை, இரண்டு பக்கமும் கூர். அதை வைத்திருக்கும் அணிக்கு நாலு வாய்ப்பு. அதற்குள் பத்து கெஜம் முன்னேறினால் இன்னும் நாலு வாய்ப்பு. முடியாவிட்டால் பந்து எதிரிக்குப் போய்விடும். மறிக்கிறவர்களிடம் சிக்காமல் கடைசிக் கோட்டைத் தாண்டினால் புள்ளி. ஐந்து நொடி ஓடுவார்கள், பிறகு நின்று கூட்டம் போட்டுப் பேசுவார்கள், நகராட்சி அலுவலகம் மாதிரி. மறுபடி ஐந்து நொடி ஓட்டம். பக்கத்தில் இருந்தவர்கள் நான் என்ன சொல்கிறேன் என்று கேட்டார்கள். ஆங்கிலத்தில் சொன்னதும் அந்த இளைஞன் தன் கம்பளித் தொப்பியைப் பந்தாகச் சுருட்டிக் குனிந்து நின்றான். பருமனான இன்னொருவர் மறித்தார். நெரிசலில் இருவரும் முட்டிக்கொண்டு ஒரு அம்மாள் மடியில் விழப்போனார்கள். நான் தமிழில் வர்ணனை சொன்னேன்: "பந்து கைமாறிடுச்சு! நெட்டையன் ஓடுறான்! குண்டன் மறிக்கிறான்! ஐயோ, அந்தம்மா பிடிச்சிட்டாங்க!"

அவர் முன்னால் சாய்ந்து உற்றுப் பார்த்தார். "நில்லுங்கோ, நில்லுங்கோ. தட்டுறவனுக்கு அம்பிடாமல் கோட்டைத் தாண்ட வேணும். அவ்வளவுதானே?"

"ஆமா."

"இது எங்கட கிளித்தட்டெல்லோ!"

எனக்குக் கிளித்தட்டு தெரியாது. தெரியாது என்றதும் அவர் முகமே மாறிவிட்டது. மன்னாரில் அவர்கள் ஊர்த் தேவாலயத்தின் வளவில் விளையாடுவார்களாம். வியர்த்திருந்த ரயில் கண்ணாடியில் விரலால் கட்டங்கள் கீறினார். குறுக்குக் கோடுகளில் மறிப்பவர்கள் நிற்பார்கள், நடுக்கோட்டில் கிளி என்கிற ஆள் ஓடித்திரிவார், ஒருவர் கையும் படாமல் கடைசிக் கட்டம்வரை போய்த் திரும்ப வேண்டும் என்று எனக்கு விளக்கினார். நான் அவர் விரலைப் பார்க்கவில்லை, உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறம் திரும்பியிருந்தது. வாக்கியங்களுக்கு நடுவே ஒழுங்காக மூச்சு விட்டார்.

ரயில் ஒரு குலுக்கலோடு நகர்ந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் வண்டி சுரங்கத்தை விட்டு வெளியே வந்தது. மழை வெளிச்சம் உள்ளே விழுந்தது. அவர் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். ஹவுன்ஸ்லோவில் இருப்பதாகவும், எப்போதும் பஸ்ஸில்தான் போவதாகவும், இன்று வேலைக்குப் பிந்திவிடும் என்று துணிந்து சுரங்க ரயிலில் ஏறியதாகவும் அப்போதுதான் சொன்னார்.

வெம்பிளியில் இறங்கியதும் மஞ்சள் கோட்டைப் போட்டுக்கொண்டார். "இப்ப விளங்கிட்டுது தங்கச்சி. ஆனா பாக்கக் குடுத்துவைக்கேல்ல. ஆக்களைப் பாத்துக்கொண்டுதான் நிக்க வேணும். விளையாட்டுப் பக்கம் திரும்பப்படாது எண்டு சொல்லிப்போட்டினம்." என் தலையை ஒருமுறை தொட்டுவிட்டு, படிகளில் இறங்கிக் கூட்டத்துக்குள் ஓடினார். பெயரைக்கூடக் கேட்கவில்லை.

ஆட்டத்தின் தொடக்கத்தை நான் தவறவிட்டேன். மழையில் மைதானம் சேறாகி, எவன் எந்த அணி என்றே தெரியவில்லை. என் அணி தோற்றது. நான் பாதி நேரம் ஆட்டத்தைப் பார்க்கவேயில்லை. ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்ற மஞ்சள் கோட்டுக்காரர்களில் அவரைத் தேடிக்கொண்டிருந்தேன். கிடைக்கவில்லை.

இதைக் கேட்டவர்கள் என்னைத் தைரியசாலி என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல்லோரையும் போல நானும் அவரைக் கண்டு பயந்தவள்தான். இன்றும் சுரங்கத்தில் ரயில் நின்றால், அவர் அன்று எனக்குப் புரியாத ஒரு மொழியில் மன்றாடியிருந்தால் நான் இருக்கையை விட்டு எழுந்திருப்பேனா என்ற கேள்விதான் முதலில் வருகிறது.