ஒன்றும் முளைக்காத கிறிஸ்துமஸ்

டோரிஸின் தொழிலில் வெற்றி என்றால் ஒன்றும் நடக்காமல் இருப்பது. கண்ணில் விடும் சொட்டு மருந்து தயாரிக்கும் ஐதராபாத் கம்பெனி ஒன்றில் அவர் நுண்ணுயிரியல் பிரிவின் மூத்த அதிகாரி. மருந்தைக் குப்பியில் நிரப்பும் அறைக்குள், கிருமிகளுக்குப் பிடித்த உணவைக் கூழாகக் காய்ச்சி ஊற்றிய வட்டத் தட்டுகளைத் திறந்து வைப்பார். பிறகு மூடி எடுத்து வெதுவெதுப்பான அலமாரியில் அடுக்கிவிட்டுக் காத்திருப்பார். சில நாள் கழித்துத் தட்டில் ஒரு புள்ளி முளைத்திருந்தால் அறை தேறவில்லை. ஒன்றும் முளைக்காவிட்டால் தேறியது. ஆக, விருந்தைப் பரப்பி வைத்துவிட்டு விருந்தாளி வரக்கூடாது என்று வேண்டிக்கொள்ளும் உத்தியோகம். வீட்டில் நேர் எதிர். லோத்குண்டாவில் அவர் வீட்டுப் படியேறிய யாரும் சாப்பிடாமல் இறங்கியதில்லை.

அவர் பிரிவில் எல்லாரும் வெளிநாடு போய்வந்துவிட்டார்கள். டோரிஸிடம் பயிற்சி பெற்றவர்கள் போனார்கள். அவர்களிடம் பயிற்சி பெற்றவர்களும் போனார்கள். "மேடம் இங்க இருந்தாத்தான் எங்களுக்கு நிம்மதி" என்று சொல்லிச் சொல்லியே இருபத்தைந்து வருடம் அவரை இங்கேயே வைத்திருந்தார்கள். ஒருவரை நகரவிடாமல் செய்வதற்குப் பாராட்டைவிட வலுவான கயிறு இன்னும் திரிக்கப்படவில்லை.

அந்தக் கயிறு அறுந்தது போன நவம்பரில். கம்பெனி ஜார்ஜியா நாட்டில் புதிய ஆலை கட்டியிருந்தது. நிரப்பும் அறையைச் சோதித்து, சுத்தம்தான் என்று கையெழுத்துப் போட அனுபவசாலி ஒருவர் தேவைப்பட்டார். டிசம்பர் குளிருக்கு வேறு யாரும் முன்வரவில்லை.

"போய்ட்டு வாங்க மேடம்" என்றார் மேலாளர் சரத். "கிறிஸ்துமஸுக்குள்ள முடிச்சாகணும்னு அந்த ஊர்க்காரங்களே சொல்றாங்க. உங்களுக்கும் அதானே வசதி."

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. சங்கடமே அதனால்தான் வந்தது.

டோரிஸின் கணவர் ஏனோக், ராணுவக் கணக்கு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், சபைக் கமிட்டி உறுப்பினர். பெருமை பாவம் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. அந்த வாரம் அந்தப் பாவத்தைத் திருமுல்கேரி பஸ் நிறுத்தத்திலும், காய்கறிக் கடையிலும், அடுத்த வீட்டு ஜம்புநாதனிடமும் செய்தார்.

"ஜார்ஜியா அமெரிக்காவுலதானே இருக்கு?" என்றார் ஜம்புநாதன்.

"அது வேற சார். இது தனி நாடு. ஆயிரத்து எழுநூறு வருஷமா கிறிஸ்தவ நாடு."

"அப்ப மேடம் போய் புதுசா என்ன செய்யப் போறாங்க?"

"கிருமி இருக்கான்னு பாக்கப் போறா."

"ஆயிரத்து எழுநூறு வருஷத்துல சேர்ந்திருக்கும்தான்" என்று ஜம்புநாதன் ஒப்புக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன் ஏனோக் போதகரிடம் போய், "டோரிஸ் பணி நிமித்தமா வெளிநாடு போறா ஐயா, ஜெபிச்சுக்கிடுங்க" என்றார். 'வேலை' என்று சொல்லியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. கோயிலுக்குள் நல்ல தமிழ் பேச வேண்டும் என்ற மரியாதையில் 'பணி' என்றுவிட்டார். அவர் வீட்டில் திருநெல்வேலித் தமிழ். போதகருக்கோ பீடத்தில் ஏறினால் வேதத் தமிழ். அந்த 'பணி' பீடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது 'ஊழியம்' ஆகியிருந்தது. ஊழியம் என்றால் சபையில் ஒரே அர்த்தம்தான்: சுவிசேஷம் சொல்லப் போவது.

"நம் சகோதரி டோரிஸ் அயல்நாட்டு ஊழியத்துக்குப் புறப்பட்டுப் போகிறார்கள். அவர்கள் கை இடும் விதையெல்லாம் முளைக்கும்படி தினமும் ஜெபிப்போம்."

டோரிஸ் அன்று கோயிலுக்கு வரவில்லை; வீட்டில் கம்பளிச் சட்டைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஏனோக்குக்குப் பக்கத்தில் மகன் நோவா உட்கார்ந்திருந்தான். கொண்டாப்பூரில் கம்ப்யூட்டர் வேலை. தமிழ் முழுக்கப் புரியும், பதில் மட்டும் தமிழ், தெலுங்கு, ஐதராபாத் உருது, இங்கிலீஷ் என்று நாலு மொழியில் வரும்.

"டாடி, ஊழியம்னா மிஷனரி கதா? மம்மி டெஸ்டிங்குக்கு போறாங்க. கைக்கு, ஏன் சும்மா உக்காந்திருக்கீங்க?"

"பீடத்துல சொல்லிட்டாரு. நான் எந்திரிச்சு இல்லேன்னா சொல்ல முடியும்?"

"ஹவ். சொல்லலாமே."

"பெறகு சொல்லிக்கிடலாம்."

அந்தப் பிறகு வருவதற்குள் சபையே வந்து அவர் கையைக் குலுக்கிவிட்டது. மூத்த அங்கத்தினரான பூபாலன் ஐயா, பாராட்டு என்ற பொருளையே தொடாதவர், "குடும்பத்துல ஒரு ஊழியக்காரி" என்று சொல்லித் தோளில் தட்டினார். அதன்பின் திருத்துவது கஷ்டமாகிவிட்டது. டோரிஸிடமும் அவர் இதைச் சொல்லவில்லை.

ஜார்ஜியாவின் தலைநகர் திபிலீசிக்கு வெளியே பனி மூடிய மலையடிவாரத்தில் ஆலை. அங்கே டோரிஸுக்கு உதவியாக நினோ என்ற உள்ளூர்ப் பெண் அதிகாரி. முதல் தட்டுகளை அலமாரியிலிருந்து எடுத்தபோது இரண்டில் சாம்பல் நிறப் பஞ்சு போல் ஏதோ முளைத்திருந்தது. பூஞ்சை. அறையைக் கழுவி மறுபடி வைத்தார்கள். மறுபடி முளைத்தது. டோரிஸின் திரும்பும் விமானம் நெருங்கிவிட்டது.

"ஏன் பதறுகிறீர்கள்? கிறிஸ்துமஸுக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறதே" என்றார் நினோ.

"நாலு நாள் உங்களுக்கு எவ்வளவோ நாளா?"

நினோ விரல் விட்டு எண்ணினார். எண்ணிக்கை டிசம்பரைத் தாண்டிப் போனது. ஜனவரி ஏழில் நின்றது. அந்த நாட்டுச் சபை பழைய நாட்காட்டியை விடவில்லை. அங்கே டிசம்பர் இருபத்தைந்து மற்ற நாட்களைப் போல் ஒரு வேலை நாள். கிறிஸ்துமஸுக்கு விடுமுறை விடுகிற ஐதராபாத்திலிருந்து, கிறிஸ்துமஸன்று வேலைக்கு வரச் சொல்லும் கிறிஸ்தவ நாட்டுக்கு வந்து சேர்ந்திருப்பது டோரிஸுக்கு அப்போதுதான் தெரிந்தது.

சரத் தொலைபேசியில் மிகவும் வருத்தப்பட்டார். "நீங்க வந்துடுங்க மேடம். பண்டிகைய விட்டுட்டு இருக்க வேணாம். மிச்சத்த ஜனவரியில மனோஜ் போய் பார்த்துக்குவான்." மனோஜ், டோரிஸின் மாணவரிடம் வேலை கற்றவன். சரத் அன்பாகத்தான் சொன்னார். குத்தியதும் அந்த அன்புதான்.

அடுத்த அழைப்பு லோத்குண்டாவுக்கு.

"வந்துரு டோரிஸ்" என்றார் ஏனோக். "நீ இல்லாம கலகலா யாரு பொரிக்க, அச்சுமுறுக்கு யாரு சுட?"

"நீங்கதான்."

"எனக்கென்ன தெரியும்?"

"முப்பது வருஷமா தின்னுருக்கீங்கல்லா. ருசி தெரியும்."

"வெளையாடாத. நெஜமாவே வரலையா?"

"பூஞ்சை எங்கேருந்து வருதுன்னு எனக்குத் தெரியல. தெரியாம கையெழுத்துப் போட மாட்டேன். நான் பாதியில வந்து, மனோஜ் போய்க் கண்டுபிடிச்சான்னு வையுங்க, பெறகு நான் போனதுக்கு டூர்னுதான் பேரு. இத்தன வருஷம் கழிச்சு ஒரு தடவ அனுப்பிருக்காங்க. முடிச்சுட்டுத்தான் வருவேன்."

ஏனோக் போனை வைத்தார். மறுநாள் காலை ஜம்புநாதனிடம், "டோரிஸ் இல்லாம அங்க ஒண்ணும் ஓடாதுங்காங்க சார். விடமாட்டேங்காங்க" என்றார். 'வரமாட்டேன்' என்பது 'விடமாட்டேங்காங்க' ஆக ஒரு ராத்திரி போதுமாயிருந்தது.

"கிறிஸ்துமஸ் என்னிக்குன்னே தெரியாத ஊர்ல மேடம் மாட்டிக்கிட்டாங்களே" என்றார் ஜம்புநாதன்.

இருபத்துநாலாம் தேதி மதியம் ஏனோக் வீடியோவில் கூப்பிட்டார். சமையல்மேடையில் கலகலாவுக்கு மாவு பிசைந்து வைத்திருந்தது. அது மாவா சுண்ணாம்பா என்று சொல்வது கடினம். நோவா பரணிலிருந்து குடில் பொம்மைகள் இருந்த அட்டைப்பெட்டியை இறக்கி மாவுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"அந்தப் பெட்டிய மொதல்ல வெளிய எடுங்க" என்றார் டோரிஸ். "மழைக்கு ஒழுகின எடத்துல கெடந்தது. கரும்புள்ளியா பூத்திருக்கு பாருங்க."

"தொடச்சுட்டேன்ட்டி."

"அட்டையத் தொடச்சா போகாது. அதுக்குள்ளேயே இருக்கும். தூக்கிட்டு நடந்தாலே வீடு பூரா பறக்கும். ஈரத்துல கெடந்த அட்டைய எவனாவது..."

அதோடு நின்றுவிட்டார். வாய் திறந்தபடி இருந்தது.

"டோரிஸ்? நோவா, நெட்டு போயிருச்சு பாரு."

"நெட் உந்தி டாடி. மம்மியே ஸ்டில்லா இருக்காங்க."

"மாவுல இன்னும் கொஞ்சம் தேங்காப்பால் விடுங்க" என்று சொல்லிவிட்டு டோரிஸ் இணைப்பைத் துண்டித்தார்.

நேராக உடை மாற்றும் அறைக்குப் போனார். அங்கே அலமாரிக்கு மேல் கையுறைகள் வந்த அட்டைப்பெட்டிகள் வரிசையாக இருந்தன. பெட்டியை வெளியிலேயே பிரித்து, உள்ளிருக்கும் பிளாஸ்டிக் உறைகளைத் துடைத்து மட்டும்தான் கொண்டுவர வேண்டும். குளிர் தாங்காமல் யாரோ பெட்டிகளோடு உள்ளே எடுத்து வந்துவிட்டார்கள். அதற்கு முன் அவை பனி உருகிச் சொட்டும் கொட்டகையில் கிடந்தவை. அடிப்பக்கத்தைத் திருப்பினால் லோத்குண்டா பரண் பெட்டி மாதிரியே கரும்புள்ளி.

வீட்டுப் பெட்டியைப் பார்க்காவிட்டாலும் கண்டுபிடித்திருப்பேன் என்கிறார் டோரிஸ். இருக்கலாம். "எம் பெட்டியாலதான்" என்கிறார் ஏனோக். அதுவும் இருக்கலாம். இருவரும் இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை.

மறுநாள் கிறிஸ்துமஸ். பெட்டிகளை வெளியேற்றிவிட்டு, காலையிலிருந்து அறையைக் கழுவினார்கள். சுத்த அறைக்குள் போகும் ஒவ்வொரு முறையும் கிருமி நீக்கிய புது அங்கி, தலை முதல் கால் வரை வெள்ளையாக, கண் மட்டும் தெரிய. கிறிஸ்துமஸுக்குப் புத்தாடை இல்லையே என்று வருந்தியிருந்தவர் அன்று மூன்று முறை புத்தாடை உடுத்தினார். சபைப் பாடகர் குழுவில் முதல் வரிசைக்காரர். ஆனால் அந்த அறையில் பாடக்கூடாது, பாடினால் எச்சில் தெறிக்கும். வாயை மூடிக்கொண்டு தொண்டைக்குள்ளேயே பாடினார். முகமூடிக்கு மேல் தெரிந்த கண்களைப் பார்த்து நினோ, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

"இன்று எனக்குக் கிறிஸ்துமஸ்" என்றார் டோரிஸ்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு நினோ தன் வீட்டிலிருந்து பாலாடைக்கட்டி அடைத்த ரொட்டி கொண்டுவந்தார். வீட்டிலிருந்து ஏனோக்கின் கலகலாவின் புகைப்படம் வந்தது. "சாந்தா மாமி வந்து காப்பாத்தினாங்க" என்று நோவா எழுதியிருந்தான். ஜம்புநாதன் வீட்டம்மாள் சாந்தா. முப்பது வருடமாகக் கிறிஸ்துமஸ் பலகாரத் தட்டை வாங்கியே பழகியவர், அந்த வருடம் அதைச் செய்து கொடுத்தார்.

தட்டுகள் மறுபடி வைக்கப்பட்டன. காத்திருந்தார்கள். புத்தாண்டு வந்து போனது. தட்டுகளை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். தெளிந்த கூழ். வேறெதுவும் இல்லை. அவ்வளவு அழகான வெறுமையைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று டோரிஸ் சொன்னார். கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகும் ஒரு நிமிடம் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

ஏழாம் தேதிவரை இருந்து தங்கள் கிறிஸ்துமஸைக் கொண்டாடிவிட்டுப் போகலாமே என்று நினோ கெஞ்சினார். டோரிஸ் நிற்கவில்லை. ஆக, ஒரு நாட்டின் கிறிஸ்துமஸுக்கு முன்பே கிளம்பிப் போய், இன்னொரு நாட்டின் கிறிஸ்துமஸுக்கு முன்பே கிளம்பி வந்து, இரண்டையும் தவறவிட்ட ஒரே கிறிஸ்தவர் லோத்குண்டாவில் அவர்தான்.

வீட்டு வாசலில் காகித நட்சத்திரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. வரும்வரை கழற்றமாட்டேன் என்று ஏனோக் சொல்லியிருந்தார்.

வந்த ஞாயிறே போதகர் பீடத்திலிருந்து அழைத்தார்: "அயல்நாட்டிலிருந்து திரும்பிய சகோதரி டோரிஸ் சாட்சி சொல்வார்கள்." நடந்ததற்குக் கர்த்தருக்கு நன்றி சொல்லத்தான் அழைக்கிறார் என்று நினைத்து டோரிஸ் எழுந்து போனார். ஏனோக் கைக்குட்டையை எடுத்தார். நோவா அப்பாவைப் பார்த்துப் புன்னகை செய்தான்.

"ஆரம்பத்துல ரொம்ப சோர்வா இருந்துச்சு" என்று தொடங்கினார் டோரிஸ். "வச்சதுல எல்லாம் முளைச்சுக்கிட்டே இருந்துச்சு."

"ஸ்தோத்திரம்" என்றது சபை.

"எங்கேருந்து வருதுன்னே தெரியல. நான் விடல. கிறிஸ்துமஸ் அன்னைக்கு எல்லாத்தையும் கழுவித் தொடச்சு அழிச்சோம். அதுக்குப் பெறகு, கர்த்தருக்கு ஸ்தோத்திரம், ஒண்ணுகூட முளைக்கல."

இந்த முறை சபை ஒன்றும் சொல்லவில்லை.

"கடைசி நாள் அந்த ஊர் போதகர் வந்தாரு. அவங்க பாஷையில போதகர மாமாவோன்னு கூப்பிடுதாங்க. அவரு ஜெபிச்ச தண்ணிய உள்ள வந்து தெளிக்கணும்னாரு. ஒரு சொட்டு உள்ள விடமாட்டேன், வாசலோட நில்லுங்கன்னுட்டேன்."

முன் வரிசையில் யாரோ இருமினார்கள். டோரிஸ் முகம் மலர்ந்து கீழே இறங்கினார். தன் வாழ்க்கையின் மிகச் சிறந்த வேலையைப் பற்றிச் சொல்லி முடித்த முகம் அது.

ஆராதனை முடிந்ததும் பூபாலன் ஐயா தடியை ஊன்றிக்கொண்டு நேராக வந்தார். குரலில் அத்தனை இரக்கம். "மனசத் தளரவிடாதம்மா. விதைச்ச எடம் கல்லுத் தரை போலிருக்கு. அடுத்த தடவ முளைக்கும்."

டோரிஸ் அவரைப் பார்த்தார், பிறகு கணவரைப் பார்த்தார். ஏனோக் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். வராமலே இருந்த அந்தப் 'பிறகு' வந்துவிட்டது.

"ஐயா, டோரிஸ் ஊழியத்துக்குப் போகல" என்றார், வாசல்வரை கேட்கும் குரலில். "வேலைக்குப் போனா. கண் மருந்து செய்யுத ரூமு. அதுல ஒரு கிருமி முளைச்சாலும் யாரோ ஒருத்தருக்குக் கண்ணு போயிரும். ஒண்ணும் முளைக்காம ஆக்கிட்டு வந்துருக்கா. பண்டிகைய விட்டுட்டு இருந்து செஞ்சுருக்கா. நாந்தான் மொதல்லயே ஒழுங்காச் சொல்லல."

ஊழியக்காரியின் கணவன் என்று தோளில் தட்டு வாங்கிய நாளில்கூட அவர் இவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை.

பூபாலன் ஐயா தடியில் சாய்ந்துகொண்டார். "ஒரு மாசமா, முளைக்கணும் முளைக்கணும்னு சபை பூரா முழங்கால்ல நின்னு ஜெபிச்சோமேம்மா."

"அதான் அங்க அப்படி முளைச்சுதா" என்றார் டோரிஸ்.